எந்திரிக்காத செவலைப் பசு

ஒரு ஊர்ல ஒரு செவலைப் பசு இருந்துச்சாம். அதுக்குச் சொந்தக்காரி பாவாத்தா. அவ கையத் தவிர வேற கை மடியத் தொட்டா, செவல விடும் பாரு ஒரு ஒதை, டம்முனு! ம் கொட்டு கண்ணு. ம்...

அப்புறம் ஒரு நா விடியக்காலம் செவல கன்னு போட்டுச்சு. பாவாத்தாளுக்குத் தலகால் புரியல. சீம்பால் காச்சி வளவுல இருக்குற ஏழு வீட்டுக்கும் குடுக்கோணுமில்ல? சர்ரு சர்ருனு கறந்தா, ரெண்டு குண்டா நெறைய. காம்பு சுருங்குற வரைக்கும் விடல.

உச்சி வெயில்ல செவல படுத்துச்சு. படுத்தது படுத்ததுதான். மாட்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டா, "வேற ஊர்ல இருக்கறனுங்க, வந்தர்றேன்"னாங்க.

அதுவரைக்கும் சும்மா இருக்கலாமில்ல? புருசன் கருப்பணன் வாலைப் புடிச்சு முறுக்குனான். "ஹேய்! ஹேய்!" செவல ம்ஹூம்.

அப்புறம் பக்கத்துத் தோட்டத்து நாச்சண்ணன் வந்தாரு. "கன்னுகிட்ட நாயை விடு, தாய்மாடு துள்ளி எந்திரிக்கும்"னாரு. பெரிய மேதாவி! நாய் வள்ளு வள்ளுனு கொலைக்குது, கன்னு வெடவெடன்னு நடுங்குது. செவல கழுத்த மடக்கி வயித்துமேல வெச்சுக்கிச்சு. பெத்த பிள்ளைய நாய் மிரட்டுது, தாய் திரும்பிக்கூடப் பாக்கல. 

மூணாவதா என்ன பண்ணாங்க தெரியுமா? கெணத்து வேலைக்கு வந்த மண்ணள்ளுற வண்டிய ஓட்டியாந்துட்டாங்க! வயித்துல கவுறு கட்டி, டடடடடன்னு தூக்குனாங்க. அய்யோ சாமி! நாலு காலும் தொங்குது, நாக்கு வெளிய தள்ளுது, கண்ணு மேல சொருகுது. நீ எதுக்குக் கண்ணத் தொறந்துட்ட? பயப்படாத, என் கையப் புடிச்சுக்கோ. பாவாத்தா வண்டிக்குக் குறுக்க போய் நின்னு, "எறக்குங்க! எம்மாட்டக் கொன்னுடாதீங்க!"ன்னு கத்துனா பாரு, ஓட்டுறவன் ஆடிப்போயிட்டான்.

எறக்குனாங்க. அப்போதான் டாக்டரம்மா வந்தாங்க. அந்தக் கவுத்தப் பாத்ததும் மொதல்ல அத அவுக்கச் சொன்னாங்க. செவலைய நெஞ்சுமேல நிமித்தி உக்கார வெச்சு, ரெண்டு பக்கமும் வைக்கோல் மூட்டைய அண்டக் குடுத்தாங்க. காதத் தொட்டா சில்லுனு இருக்கு.

"காலைல பால் எவ்வளவுங்க கறந்தீங்க?"

"ஒரு சொட்டு விடாம கறந்தனுங்க."

"கன்னு போட்ட அன்னைக்கு ஒட்டக் கறக்கக் கூடாதுங்க. ரத்தத்துல இருந்த சுண்ணாம்புச் சத்தெல்லாம் பாலோட போயிருச்சு. அதான் எந்திரிக்கத் தெம்பில்ல."

 யாரையும் கிட்ட விடாத மாடு, பாவாத்தா கைக்கு மட்டும் அசையாம நின்னு மொத்தத்தையும் குடுத்துருக்கு. படுக்க வெச்சது அந்தக் கைதான்.

அப்புறம் டாக்டரம்மா கழுத்து நரம்புல ஊசி குத்தி, பாட்டில் மருந்த மெதுவா ஏத்துனாங்க. கால் மணி நேரம் ஆச்சு. "ஏஏவ்"வுனு செவலைக்கு ஒரு ஏப்பம். தொப்புத் தொப்புனு சாணி. பின்னங்கால ஊனி, முன்னங்கால ஊனி, நின்னுருச்சு! நாச்சண்ணன் தொறந்த வாய மூடல.

ஆனா பாவாத்தாளுக்கு முட்டி ரெண்டும் கழண்டு போச்சு. அப்படியே சாணியில உக்காந்துட்டா. கருப்பணன் கையக் குடுக்குறான், எந்திரிக்க முடியல. அப்போ செவல தள்ளாடித் தள்ளாடி வந்து, அவ தலைய மோந்து பாத்து, சரக்கு சரக்குனு நக்குச்சாம், கன்னுக்குட்டிய நக்குற மாதிரியே. அப்பத்தான் அவளுக்கு அழுகையே வந்துச்சு.

மாடு எந்திரிச்சிருச்சு, கதை படுத்திருச்சு. நீயும் படுத்துக்கோ கண்ணு.