இருபத்தெட்டாவது பருப்பு

"ஏமாத்திட்டீங்க, டாக்டரம்மா."

மாசிலாமணி தகர டப்பாவை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. மேசையில் இருந்த பேனா துள்ளிக் கீழே விழுந்தது.

குமுதவல்லி பேனாவை எடுத்தார். டப்பாவைத் திறந்து முகர்ந்தார். மூடினார்.

"இது என்ன?"

"நீங்க குடுத்த விதைதான். வறுத்து வச்சேன். மூணே வாரம். சிக்கு வாடை தூக்குது."

"நான் விதைக்கத்தானே குடுத்தேன்?"

"சாம்பிள் பாக்காம எவன் சரக்கு எடுப்பான்?"

ஒன்பது வயதில் பஸ் ஸ்டாண்டில் தட்டு ஏந்திக் கடலை மிட்டாய் விற்கத் தொடங்கியவர் மாசிலாமணி. கல்லையும் மண்ணையும் கலந்து கொடுத்தவனிடம் ஏமாந்து, எடையில் அடித்தவனிடம் அடிவாங்கி, ஐம்பத்தாறு வயதில் மூன்று மாவட்டத்துக்கு மிட்டாய் அனுப்புகிறவராக ஆகியிருந்தார். கோபம் மூக்கு நுனியில். பேரம் நாக்கு நுனியில்.

போன வருஷம் சரக்கு திரும்பி வர ஆரம்பித்தது. பழசைத் தள்ளிவிடுகிறான் என்று கடைக்காரர்கள் பேசினார்கள். வாழ்நாளில் ஒரு பழைய மிட்டாயை விற்காத ஆள். வெயிலும் மழையும் தாண்டிப் போகிற வழியில் பருப்புக்குள் இருக்கிற எண்ணெய் கெட்டுப்போகிறது, அவர் என்ன செய்வார்? திரும்பி வந்த ஒரு பெட்டியில், ஒரே ஒரு கடி கடித்து மறுபடி காகிதத்தில் சுற்றிய மிட்டாய் ஒன்று இருந்தது. சின்னப் பல். பால் பல்.

அன்றைக்குத்தான் இந்த ஆராய்ச்சிப் பண்ணைக்கு வந்தார். நிலக்கடலைக்குப் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் முடித்துவைத்துப் புது வித்து எடுக்கிற இடம். அங்கே விதை ஆராய்ச்சி செய்கிற குமுதவல்லி அவரைவிட இருபது வயது சின்னவர்.

"என்னைச் சீடனா சேத்துக்கங்க" என்றார் மாசிலாமணி.

"ஒரே நிபந்தனை. பேரம் கூடாது."

சம்மதித்துத்தான் நாற்பது விதைகளை வாங்கிப் போனார்.

"எத்தனை வறுத்தீங்க?"

"மொதல்ல பத்து."

"அப்புறம்?"

"கோபம் வந்துச்சு."

"அப்புறம்?"

"முப்பத்தெட்டு."

குமுதவல்லி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "ருசியான நம்ம ஊர் மல்லாட்டைக் கடலை தாய். ஒரு வருஷமானாலும் எண்ணெய் கெடாத ரகம் ஒண்ணு தகப்பன். விடியக்காலையில பூப்பூவா நானே மகரந்தம் வச்சேன்."

மாசிலாமணி தரையைப் பார்த்தார். பிறகு, தரை தனக்கு எதிரி இல்லை என்று உணர்ந்து நிமிர்ந்தார்.

"தகப்பன் குணம் ஒண்ணுலகூட வரலையே."

"வரல."

"பின்ன?"

"இருக்கு."

"எங்க இருக்கு? முப்பத்தெட்டும் என் நாக்குல பட்டுச்சு. இருந்தா தெரியாதா?"

"மிச்சம் ரெண்டு எங்க?"

சட்டைப் பையிலிருந்து எடுத்தார். தட்டு ஏந்திய காலத்துப் பழக்கம் அது. எவ்வளவு விற்றாலும் தட்டை வெறுமையாக விடமாட்டார், இரண்டு மிட்டாயாவது அதில் கிடக்கும். எவ்வளவு கோபத்திலும் கை தானாக இரண்டை ஒதுக்கியிருந்தது.

குமுதவல்லி அவரை வயலுக்கு அழைத்துப் போனார். விரலால் இரண்டு குழி. இரண்டு விதை.

"தண்ணி விடுங்க."

"எத்தனை நாள்?"

"நூத்தஞ்சு."

"எழுபது நாள்ல முடியாதா?"

"செடிகிட்ட கேளுங்க."

கேட்கவில்லை. ஆனால் எழுபதாம் நாள் ஒரு செடிக்கு அருகே வெகுநேரம் குந்தியிருந்தார்.

நூற்றைந்தாம் நாள் பிடுங்கினார்கள். இரண்டு செடியிலும் சேர்த்து எண்பத்து மூன்று பருப்பு. எல்லாம் ஒரே நிறம், ஒரே பருமன்.

"இதுல தகப்பன் குணத்தோட பதினாறுக்கு ஒண்ணு தேறலாம்" என்றார் குமுதவல்லி.

"பதினாறுக்கு ஒண்ணா? எட்டுக்கு ஒண்ணு போடுங்களேன்."

நிபந்தனை மாசிலாமணிக்கே ஞாபகம் வந்தது.

"சரி. எது அந்த ஒண்ணு? எப்படிக் கண்டுபிடிக்க?"

குமுதவல்லி ஒரு பருப்பையும் பிளேடையும் கொடுத்தார். "மூக்குப் பக்கம் முளை இருக்கு. அதைத் தொடாதீங்க. வால் பக்கம் ஒரு சீவல் எடுங்க. சீவல் உங்க நாக்குக்கு. மிச்சம் மண்ணுக்கு."

"எண்ணெயைச் சோதிக்கிற மெஷின் இருக்காமே உங்ககிட்ட?"

"இருக்கு. உங்க நாக்கும் இருக்கு. அதை நம்பித்தானே முப்பத்தெட்டை வறுத்தீங்க?"

ஒவ்வொரு பருப்பிலும் ஒரு சீவல். ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதக் கப், கப்பின்மேல் எண். ஒரே ஓட்டுக்குள் இருந்த பருப்புகளுக்கு அடுத்தடுத்த எண். சீவலை லேசாக வறுத்துத் தகரக் கூரைக்குக் கீழே வெக்கையில் வைத்தார்கள். சீவியெடுத்த மிச்சப் பருப்பு அதே எண்ணோடு குளிர்பெட்டியில்.

ஐந்து வாரம்.

வாழ்க்கையில் எதற்கும் ஐந்து வாரம் காத்திருக்காத மனுஷன் தினமும் வந்து, கப்புகளைப் பார்த்து, தொடாமல் போனார்.

ஆறாவது வாரம் உட்கார்ந்தார்கள். ஒரு சொம்பு தண்ணீர்.

ஒன்று. தொண்டையைக் காறியது. துப்பினார்.

இரண்டு. துப்பினார்.

பத்து. பதினைந்து. பதினாறு.

"பதினாறு தாண்டிடுச்சு டாக்டரம்மா."

"பதினாறாவது ஆளா வந்து நிக்கிறேன்னு அது உங்ககிட்ட சொல்லிச்சா?"

இருபது. இருபத்தைந்து. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காறலால்தான் என்று சொல்லிக்கொண்டார்.

இருபத்தேழு. எல்லாவற்றையும்விட மோசம். கப்பைத் தூக்கி எறிந்தார். மேசையையும் தூக்கியிருப்பார், அதில் இன்னும் ஐம்பத்தாறு கப் இருந்தன.

"போதும்மா. எம் பேரு போனது போனதுதான். கடையை இழுத்து மூடிட்டுப் போறேன்."

குமுதவல்லி அடுத்த கப்பை முன்னால் தள்ளினார்.

இருபத்தெட்டு.

வாயில் போட்டார். கடித்தார். முகத்தைச் சுளித்து, காறலுக்காகக் காத்திருந்தார்.

வரவில்லை.

இன்னும் காத்திருந்தார்.

இனித்தது. அன்றைக்குச் சட்டியிலிருந்து இறக்கியது மாதிரி.

துப்பவில்லை. விழுங்கவும் மனம் வரவில்லை. எழுந்து போய், எறிந்த கப்பை எடுத்து எண்ணைப் பார்த்தார்.

"இருபத்தேழும் இருபத்தெட்டும்…"

"ஒரே ஓடு."

"ஒரே செடி."

"ஒரே காம்பு."

மாசிலாமணி தரையில் உட்கார்ந்தார். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது.

"ஒட்டிப் படுத்துக் கிடந்துச்சேம்மா ரெண்டும். ஒரே தண்ணி, ஒரே வெயில். எப்படி ஒண்ணு மட்டும்?"

"எண்ணெய் தாய்ச் செடியோடது இல்ல. ஒவ்வொரு பருப்பும் தன் எண்ணெயைத் தானே செஞ்சுக்குது."

கூரைத் தகரம் வெயிலில் படபடத்தது.

"இதுல கூடுதலா என்ன இருக்கு? அதையாவது சொல்லுங்க."

"கூடுதலா ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமயா கெடாம நிக்குது?"

"பருப்புல மொதல்ல ஊறுறது கெடாத எண்ணெய்தான். அதைப் பிடிச்சு இன்னொண்ணா மாத்துறதுக்கு உள்ள கை இருக்கு. அப்பன் வழி ரெண்டு, ஆத்தா வழி ரெண்டு. நாலு கை. நாலுல ஒண்ணு வேலை செஞ்சாலும் மாத்திடும். மாத்துன எண்ணெயைக் காத்து சீக்கிரம் பிடிச்சுக் கெடுத்திடும்."

"இதுல?"

குமுதவல்லி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். அசையவில்லை.

மாசிலாமணி அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். காய்ப்பேறிய, சூடுபட்ட, எதையும் சும்மா விட்டறியாத கைகள்.

"நாலுமா சும்மா இருக்கு?"

"நாலும்."

மிச்சக் கப்புகளையும் ருசி பார்த்தார். அவசரமில்லாமல். துப்பியபோதுகூடச் சத்தமில்லாமல் துப்பினார். எண்பத்து மூன்றில் ஐந்து.

சாயங்காலம் இருவரும் வயலுக்குப் போனார்கள். குளிர்பெட்டியிலிருந்து எல்லாப் பருப்பும் வந்திருந்தன. ஐந்தையும் தனி வரிசையில், மூக்கு கீழே பார்க்க, மாசிலாமணியே ஊன்றினார். மண்ணை மூடியபோது, தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி விரல் போயிற்று.

அடுத்து இருபத்தேழு கையில் வந்தது.

வால் சீவிய பருப்பு. காலையில் அவர் எறிந்த கப்புக்குச் சொந்தமானது. வரப்புக்கு வெளியே வீசக் கையை ஓங்கினார்.

ஓங்கிய கை நின்றது.

"டாக்டரம்மா. நான் வறுத்தேனே முப்பத்தெட்டு…"

"ஆமா."

"அதுலயும் காறல்தான் வந்துச்சு. கூட இருந்த ரெண்டுலேர்ந்துதானே இந்த அஞ்சும் வந்துச்சு?"

"ஆமா."

"அப்படின்னா, இதுக்குள்ள?"

குமுதவல்லி பக்கத்து வரிசையைக் காட்டினார். அது வெறுமையாக இருந்தது.

"சாம்பிள் பாக்கறீங்களா ஐயா?"

மாசிலாமணி குனிந்து, விரலால் இன்னொரு குழி தோண்டினார்.