டயர்க்கடைக்காரர் வாங்கிக் கொடுத்த சக்கரம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் டயர்க்கடை வைத்திருந்த சவரிமுத்து, ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசைக்குப் போகாமல் ஏற்காடு பஸ் ஏறினார். இறங்கி, ஒரு காபித் தோட்டத்துக்குள் ரெண்டு மைல் நடந்தார். அங்கே தார் ரோட்டோரம் நின்றிருந்த ஷமீமா என்ற பெண்ணிடம் போய் நின்றார்.

"நான் ஜெரால்டோட அப்பா."

"தெரியும் அங்கிள். அடக்கத்துக்கு வந்திருந்தேன்."

"ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லும்மா. நான் மாட்டி விட்ட சக்கரம்தானே அவனைக் கொன்னுச்சு?"

ஷமீமா அவரையே பார்த்தாள். பிறகு ரோட்டைப் பார்த்தாள்.

"சறுக்கக் கத்துக்கோங்க. கத்துக்கிட்டு, திரும்பக் கேளுங்க."

இதென்னடா கூத்து என்று உங்களுக்குத் தோன்றும். ஐம்பத்திரண்டு வயது மனுஷனுக்குச் சொல்கிற பதிலா இது? கொஞ்சம் பொறுங்கள்.

ஷமீமா லாங்போர்டு ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஒரு ஆள் நிற்கிற அளவு நீளப் பலகை, அடியில் நாலு சக்கரம், அவ்வளவுதான் லாங்போர்டு. பிரேக் என்று ஒன்றும் கிடையாது. மெதுவாகப் போனால் ஒரு காலைத் தரையில் தேய்த்து நிறுத்தலாம். மலைச்சரிவில் வேகம் பிடித்துவிட்டால் அந்தப் பருப்பு வேகாது. பலகையை ரோட்டுக்குக் குறுக்கே திருப்பி, நாலு சக்கரமும் பக்கவாட்டில் தேயும்படி சறுக்கினால்தான் நிற்கும். அதைக் கற்கத்தான் பையன்களும் பெண்களும் அவளிடம் வந்தார்கள். வண்டி வாகனம் போகாத ஞாயிறு காலைகளில் தோட்டத்து முதலாளி அந்த ரோட்டை அவளுக்கு விட்டிருந்தார். வயது இருபத்தெட்டுதான். ஆனாலும் எல்லோருக்கும் அவள் மாஸ்டர்.

ஜெரால்டுக்கும் மாஸ்டர்தான். சவரிமுத்துவின் ஒரே மகன். ரெண்டு மாதத்துக்கு முன்னால், பத்தொன்பது முடிந்த அன்றைக்கே, இதே ரோட்டின் மூன்றாவது வளைவில் தூக்கியெறியப்பட்டுச் செத்துப்போனான்.

சக்கரத்தின் கதை இதுதான். சவரிமுத்து முப்பது வருஷமாகத் தேய்ந்த டயருக்கு ரப்பர் ஒட்டிக் கொடுப்பவர். பிடிமானம் இல்லாத டயர் எமன் என்பது அவர் வேதம். மொட்டை டயரோடு வருகிற லாரிக்காரனைப் பெண்டாட்டி பிள்ளை இருக்கா இல்லையா என்று கேட்டுக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் மகனுடைய பலகையைத் திருப்பிப் பார்த்தார். சக்கரத்தின் ஓரமெல்லாம் தேய்ந்து உருண்டு கிடந்தது. கட்டைவிரலால் அழுத்தினார். கல்லாக இருந்தது.

"ஏன்டா, வழுவழுன்னு மொட்டையா இருக்கு. இதுலயா மலையில ஓட்டற?"

"அது அப்படித்தான்ப்பா இருக்கணும்" என்று பையன் சிரித்தான்.

சிரித்ததை அவர் பையனுடைய அறியாமை என்று எடுத்துக்கொண்டார். டயரைப் பற்றி அவருக்கே பாடமா? தேடிப்பிடித்து, மெத்தென்று அகலமாக, ஓரம் கூர்மையாக, ரோட்டை உடும்பாகப் பிடிக்கிற சக்கரம் நாலு வாங்கினார். பிறந்தநாளைக்கு முந்தின நாள் தன் கையாலேயே மாட்டி வைத்தார். மறுநாள் காலை பையன் பலகையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனான். பகல் சாப்பாட்டுக்கு முன்னால் போன் வந்துவிட்டது.

ஆண்டவர் சித்தம் என்றாள் மனைவி. போலீஸ் அதிவேகம் என்று எழுதியது. கண்ணு பட்டிருச்சு என்றார்கள் தெருக்காரர்கள். ஒருத்தராவது சக்கரம் என்று வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் தனக்காக மறைக்கிறார்கள் என்று சவரிமுத்து நினைத்தார். சோறு இறங்கவில்லை. கடையில் ஒரு டயரையும் தொடவில்லை.

அதனால் மறு ஞாயிறும் மலையேறினார்.

செருப்போடு வந்தவரை, சறுக்கினால்தான் பலகை நிற்கும், அதற்குச் செருப்பு ஆகாது என்று சொல்லி ஷமீமா திருப்பி அனுப்பினாள். அதற்கடுத்த வாரம் தட்டை அடி வைத்த ஷூவோடு வந்தார். தாடையையும் மூடுகிற தலைக்கவசத்தை மாட்டிவிட்டாள். முழங்காலுக்கு உறை. கைக்கு உறை, உள்ளங்கையில் கெட்டி பிளாஸ்டிக் வில்லை வைத்தது.

"இது எதுக்கும்மா?"

"சறுக்கறப்ப கையை ரோட்டுல ஊனணும். வில்லை இல்லேன்னா தோலு ரோட்டோட போயிடும்."

ரோட்டோரச் சுவரில் சாத்தியிருந்த பலகைகளில் உயரமாக, வளைவாக இருந்ததை அவர் எடுத்தார்.

"அது பார்க்க அழகு. உங்க முழங்காலுக்கு ஆகாது. தாழ்வா இருக்கறதை எடுங்க, விழுந்தாலும் கிட்டத்துல விழுவீங்க."

பிறகு ரெண்டு சக்கரங்களை அவர் கையில் வைத்தாள். ஒன்று மெத்தென்று, கூர் ஓரம். இன்னொன்று கெட்டி, உருண்ட ஓரம்.

"எது நல்ல சக்கரம்?"

பழக்கதோஷம், கட்டைவிரல் தானாக அழுத்தியது. மெத்தென்று இருந்ததை நீட்டினார்.

"எதுக்கு நல்லது?"

"ஓடறதுக்கு."

"நிறுத்தறதுக்கு?"

நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டார். சறுக்கினால்தான் நிற்கும் என்று போன வாரம்தானே அவள் சொன்னாள்!

"அப்ப அன்னைக்கு அவன் திருப்பறப்ப..."

"முதல்ல கத்துக்கோங்க அங்கிள்."

கெட்டிச் சக்கரம் பூட்டிய தாழ்ந்த பலகையில் அவரை ஏற்றிவிட்டாள்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? வளையவில்லை. "குனியுங்க, இன்னும் குனியுங்க" என்று அவள் கத்துவாள். முழங்கால் கடகடக்கும். பலகை ஒரு பக்கம் போகும், மனுஷன் ஒரு பக்கம் போவார். தோட்டத்துக் குடியிருப்புப் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

"ஆனைக்கும் அடி சறுக்கும்பாங்க. இந்த ஆனை சறுக்கறதுக்குன்னே பஸ்ஸு புடிச்சு வருது பாருடி."

அவருக்கும் சிரிப்பு வரும். சிரிக்கமாட்டார்.

ஒவ்வொரு வாரமும் கீழே விழுந்தார். விழுந்து எழுந்து, "இப்பக் கேக்கலாமா?" என்பார்.

"சறுக்கினீங்களா?"

"இல்லை."

"அப்ப இல்லை."

மாசி முடிவதற்குள் ஏம்மா, வாம்மா எல்லாம் போய், அவர் வாயிலும் மாஸ்டர் என்றே வந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. சித்திரையில் மணிக்கட்டு வீங்கி மூன்று வாரம் வரவில்லை. வரமாட்டார் என்று பையன்கள் பந்தயம் கட்டினார்கள். நாலாவது வாரம் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

ஆனி மாதத்தில் ஒருநாள், எதையும் யோசிக்காமல் குனிந்தார். இடது கையை ரோட்டில் ஊன்றி, பின்னங்காலால் பலகையைத் தள்ளினார். பலகை குறுக்கே திரும்பியது. சர்ரென்று சத்தம். நாலு சக்கரமும் ரோட்டைத் தேய்த்துக்கொண்டு வழுக்கின, வேகம் குறைந்தது, பலகை நின்றது. அவரும் அதன் மேலேயே இருந்தார்.

பையன்கள் விசில் அடித்தார்கள். சவரிமுத்து வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஏழு மாதத்தில் முதல் சிரிப்பு. அடுத்த நிமிஷமே ரோட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"என் பிள்ளை செத்த ரோட்டுல சிரிச்சுட்டேனே மாஸ்டர். நானெல்லாம் ஒரு மனுஷனா?"

ஷமீமா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவர் கேள்வியைக் கேட்கவில்லை.

ஆவணியில், நாலு தடவைக்கு மூன்று தடவை சறுக்கி நிற்கிற அளவுக்கு வந்த பிறகு, ஒரு ஞாயிறு அவர் போர்வையில் சுற்றி எதையோ தோளில் சுமந்து வந்தார். போலீஸ் திருப்பிக் கொடுத்த ஜெரால்டின் பலகை. சக்கரம் நாலும் அப்படியே இருந்தன. அன்று மழைத்தூறல் என்று பிள்ளைகள் யாரும் வரவில்லை. தூறல் விட்டு ரோடு காய்ந்திருந்தது.

"சறுக்கக் கத்துக்கிட்டேன். இப்பக் கேக்கறேன்."

ஷமீமா பலகையைத் தொடவில்லை.

"இதுல ஏறி மூணாவது வளைவுக்குப் போறேன் மாஸ்டர். அவன் திருப்பின இடத்துலயே திருப்பறேன். எனக்கு உடம்புல தெரியணும்."

"அங்க வேண்டாம். இங்கயே தெரியும்."

"இங்க என்ன தெரியும்? இது சும்மா தரை மாதிரி இருக்கு."

"புதுச் சக்கரம் மாட்டினா எங்கள்ல யாரும் நேரா கீழே இறங்கமாட்டோம் அங்கிள். இங்க மேலேயே, நடக்கற வேகத்துல போயி, ஒரு தடவை தள்ளிப் பார்ப்போம். வழுக்குதா, பிடிக்குதான்னு. இதைத்தான் சக்கரத்தைக் கேக்கறதுன்னு சொல்லுவோம். கேளுங்க."

அவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஏறினார். நடக்கிற வேகம்தான். குனிந்தார், கையை ஊன்றினார், எத்தனையோ தடவை செய்த மாதிரி பின்னங்காலால் தள்ளினார்.

பலகை அரை அடிகூட நகரவில்லை. சக்கரம் ரோட்டைக் கவ்விக்கொண்டது. பலகை நின்றுவிட, அவர் உடம்பு மட்டும் நிற்காமல் முன்னால் பாய்ந்து ரோட்டோரப் புல்லில் போய் விழுந்தது.

எழுந்தார். மறுபடி ஏறினார். மறுபடி விழுந்தார். மூன்றாம் தடவை விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. புல்லில் மல்லாந்து கிடந்தார். நடக்கிற வேகத்திலேயே இப்படித் தூக்கி எறிகிறதே! மலையிறங்குகிற வேகத்தில் என் பிள்ளையை எப்படி எறிந்திருக்கும்?

"அப்ப நான் மாட்டின சக்கரம்தான்."

"ஆமா அங்கிள். அது விடலை."

ஒன்பது மாதம் காத்திருந்த பதில். அவர் மாடு கத்துவதுபோல அழுதார். அடக்கத்தன்று அழாததையெல்லாம் சேர்த்து அழுதார். அழுது அழுது ஓய்ந்தபோதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"மாஸ்டர். புதுச் சக்கரம்னா எல்லாரும் கேப்பீங்கன்னு சொன்னீங்களே."

"ஆமா."

"அவனும் கேட்டானா?"

"கேட்டான். இதே இடத்துல. உங்களை மாதிரியே புல்லுல போயி விழுந்தான்."

"அப்ப... தெரிஞ்சுதான் போனானா?"

"தெரிஞ்சுதான் போனான். 'சாயங்காலம் கடையில இருந்து வந்ததும் எப்படி இருந்துச்சுடான்னு அப்பா கேப்பாரு மாஸ்டர், ஓட்டாம எப்படிச் சொல்றது? ஒரே ஒரு தடவை மெதுவா இறங்கிட்டு வந்து கழட்டிடறேன்'னான்."

சவரிமுத்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பழைய சக்கரம்?"

"அவன் பையிலயே இருந்துச்சு. மாத்தறதுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது."

"நீங்க அவனுக்கு மாஸ்டர். கழட்டுடான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் கேட்டிருப்பானே?"

"கேட்டிருப்பான்."

"ஏன் சொல்லலை?"

ஷமீமா இவ்வளவு நேரமும் நின்றுகொண்டிருந்தவள், அவருக்குப் பக்கத்தில் ஈரப் புல்லில் வந்து உட்கார்ந்தாள்.

"'எங்கப்பா வாங்கி, அவரே மாட்டிக் கொடுத்தாரு'ன்னு பலகையைத் தூக்கித் தூக்கி எல்லாருக்கும் காட்டிக்கிட்டு இருந்தான் அங்கிள். எங்க அத்தா எனக்கு ஒரு செருப்புகூட அவரா நினைச்சு வாங்கிக் கொடுத்தது கிடையாது. அதைக் கழட்டுடான்னு சொல்ல எனக்கு வாய் வரலை."