மஞ்சள் மாறாத கரைசல்

குருவுக்கு வயது நாற்பது. சீடருக்கு ஐம்பத்திரண்டு.

குரு ரஹ்மத்நிஷா, கடலோர ஊர் ஒன்றின் கல்லூரியில் வேதியியல் பேராசிரியை. சீடர் ஜெபராஜ், அதே ஊரில் பள்ளி வேதியியல் ஆசிரியர். பள்ளி விட்டதும் சைக்கிளை மிதித்துக்கொண்டு கல்லூரி ஆய்வகத்துக்கு வந்துவிடுவார். ஊர் உப்பங்கழியின் நீர் எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்பதே அவருடைய ஆய்வு. குருவை அவர் 'மேடம்' என்பார். குருவும் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவார்.

அன்று காலை கல்லூரியில் கருத்தரங்கம். ஜெபராஜ் பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஜெபராஜின் அளவீடுகளை வைத்து ரஹ்மத்நிஷா பேசி முடித்தார். தலைமை வகித்த வெளியூர்ப் பேராசிரியர் தன் முன்னிருந்த மைக்கை இழுத்துக்கொண்டார்.

"பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர் சாயங்காலம் வந்து எடுத்த கணக்கு. இதை நாங்க நம்பணும், இல்லையா?"

அரங்கம் சிரித்தது. ஜெபராஜின் காது மடல் சுட்டது.

ரஹ்மத்நிஷாவின் குரல் உயரவில்லை. "நம்ப வேண்டாம் ஐயா. சோதிச்சுப் பாருங்க. ஆய்வகம் திறந்துதான் இருக்கு."

வெளியூர்க்காரர் விடவில்லை; நேரே ஆய்வகத்துக்கே வந்தார். உப்பங்கழி நீர்ப் புட்டிகளில் தனக்குப் பிடித்த ஒன்றை எடுத்தார். தானே பியூரெட் குழாயைப் பிடித்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். வாசலில் மாணவிகள் முண்டியடித்து எட்டிப் பார்த்தார்கள். மறுபடியும் ஒருமுறை செய்தார். பிறகு பியூரெட்டை விட்டுவிட்டு ஜெபராஜிடம் கையை நீட்டினார்.

"உங்க கணக்கு அப்படியே வருது, சார். தப்பா பேசிட்டேன்."

மாணவிகள் தட்டிய கைதட்டலில் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

மாலையில் எல்லாரும் கலைந்த பிறகு ஆய்வகத்தில் குருவும் சீடரும் மட்டும் இருந்தார்கள். ஜெபராஜுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"மேடம், நீங்க கல்லு மாதிரி நின்னீங்க. அவ்வளவு பெரிய ஆளு அப்படிக் கேட்டும் உங்களுக்கு ஒண்ணுமே ஆகல. எப்படி மேடம் முடியுது?"

ரஹ்மத்நிஷா இரண்டு கண்ணாடிக் குவளைகளை அலமாரியிலிருந்து எடுத்து வைத்தார்.

"நாளைக்கு சாயங்காலம் முதலாமாண்டுக்கு நீங்கதானே ஆய்வக வகுப்பு எடுக்கறீங்க?"

"ஆமா மேடம். தாங்கல் கரைசல், பஃபர்."

"எனக்கு முதல்ல எடுங்க." முக்காலியை இழுத்துப் போட்டு மாணவியைப் போல் உட்கார்ந்துகொண்டார்.

ஜெபராஜ் சட்டைக் கையை மடித்துவிட்டார். ஒரு குவளையில் வெறும் தண்ணீர். இன்னொன்றில் சோடியம் அசிடேட்டும் கொஞ்சம் அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசல். இரண்டிலும் நிறங்காட்டியாக மெத்தில் ஆரஞ்சு விட்டார்; அமிலம் கூடினால் அது சிவக்கும். இரண்டும் மஞ்சளாயின.

"இப்போ அமிலம் விடறேன்."

இரண்டே சொட்டு. தண்ணீர் சிவந்துவிட்டது. அடுத்த குவளையிலும் இரண்டு சொட்டு விட்டார். மஞ்சள் மாறவில்லை. இன்னும் விட்டார். அப்போதும் மஞ்சள்தான்.

"பார்த்தீங்களா? தண்ணி தாங்கல. இது தாங்குது. இதுக்கு ஒண்ணுமே ஆகல."

"இன்னும் விடுங்க."

விட்டார்.

"இப்போ மோந்து பாருங்க."

ஜெபராஜ் குவளையின் மேல் காற்றைக் கையால் விசிறி மூக்கருகே கொண்டுவந்தார். வினிகர் போன்ற காடி வாசம் குப்பென்று ஏறியது. முதலில் அது இவ்வளவு இல்லை.

அவருக்கு வேதியியல் தெரியும். வந்த அமிலத்தை அசிடேட் பிடித்துக்கொள்கிறது. பிடித்த அசிடேட் அசிட்டிக் அமிலமாகிவிடுகிறது. எத்தனையோ வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்ட சமன்பாடு. ஆனாலும் அன்றைக்குத்தான் அது அவர் மூக்கில் ஏறியது.

"ஒண்ணுமே ஆகலன்னு சொன்னீங்களே, சார்."

ஜெபராஜ் குவளையை மறுபடியும் மோந்து பார்த்தார்.

"நிறுத்தாதீங்க. விடுங்க."

சொட்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. ஒரு கட்டத்தில் மஞ்சள் மங்கி ஆரஞ்சாயிற்று. மேலும் சில சொட்டுகளில் குவளை சிவந்தது. ஜெபராஜ் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"அப்போ, காலையில உங்களுக்கு..."

"மைக்கை ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தேன். ஒரு கையால பிடிச்சிருந்தா நடுங்கறது தெரிஞ்சிருக்கும்."

வெளியே கடைசிப் பேருந்து நிறைய மாணவிகள் சத்தமாகப் பேசிக்கொண்டு போனார்கள். அதில் இரண்டொரு தடவை 'ஜெபராஜ் சார்' என்பது கேட்டது.

"தாங்கறதுக்கு எல்லை இருக்குன்னு தெரிஞ்சும் எப்படி மேடம் அசையாம நின்னீங்க?"

ரஹ்மத்நிஷா எழுந்து சிவந்த குவளையை எடுத்துக் கழுவும் தொட்டியருகே வைத்தார்.

"தனி அமிலத்தை வச்சு தாங்கல் கரைசல் பண்ண முடியுமா, சார்?"

"முடியாது மேடம். அதோட இணையும், அசிடேட் மாதிரி, கூட இருக்கணும்."

"அந்த ஆள் கேட்டதும் அரங்கமே சிரிச்சுது. நான் உங்களைத்தான் பார்த்தேன். நீங்க தலை குனியல."