காசு இருந்த கை

சவரிராஜ் நாணய வித்தைக்காரர். புறா, முயல், பெட்டிக்குள் ஆளை வைத்து அறுப்பது என்று எதுவும் அவரிடம் கிடையாது. பழைய ஒரு ரூபாய்க் காசுகள் நான்கு, பெரியவை, கனமானவை. அவற்றோடு அவருடைய இரண்டு கைகள். அவ்வளவுதான் அவருடைய கச்சேரி. முப்பத்தேழு வயதுக்குள் திருச்சியில் அவருக்கு ஒரு பெயர் வந்திருந்தது.

ஒரு வங்கிக் கிளையின் ஆண்டு விழாவுக்கு அவரை அழைத்திருந்தார்கள். ஊழியர்களும் குடும்பத்தாருமாக அறுபது பேர் இருக்கலாம். சவரிராஜ் வலது கையில் ஒரு காசை எடுத்துக் காட்டினார். இடது கைக்கு மாற்றினார். இடது கையை மூடி, ஊதி, மெல்லத் திறந்தார். காசு இல்லை.

"ஆ!" என்றது கூட்டம்.

"வலது கையிலதானே இருக்கு?" என்றது இரண்டாவது வரிசையில் ஒரு பெண் குரல்.

கூட்டம் அடங்கிப் போனது. சவரிராஜின் விரல்கள் ஒரு கணம் நின்றுவிட்டன. காசு வலது கையில்தான் இருந்தது. பதினைந்து வருடங்களில் யாரும் அதைச் சொன்னதில்லை. அவர் சிரித்துச் சமாளித்து வேறு வித்தைக்குத் தாவினார். ஆனால் அன்று கடைசிவரை கை அவர் சொன்னபடி கேட்கவில்லை.

விழா முடிந்ததும் அந்தக் குரலைத் தேடிப் போனார். நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் மடித்து வைத்த வெள்ளைத் தடி. பெயர் பூங்கோதை. கிளையில் தொலைபேசி எடுத்துப் பேசுவது அவர் வேலை. பிறவியிலிருந்தே பார்வை கிடையாது.

காலடிச் சத்தத்தைக் கேட்டதும் பூங்கோதை எழுந்தார்.

"மன்னிச்சிடுங்க சார். வாய் தவறி வந்துடுச்சு. மேனேஜர்கிட்ட திட்டும் வாங்கியாச்சு."

"அதை விடுங்க. எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"கை மாத்தினீங்க. காசு அந்தக் கையில விழுந்த சத்தம் வரலை. அப்புறம் வலது கையில உங்க மோதிரத்துல லேசா தட்டுச்சு."

சவரிராஜ் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சார், நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"காசு வலது கையில இருக்கு. அப்ப எதுக்கு எல்லாரும் 'ஆ'ன்னாங்க?"

"இடது கையில இருக்குன்னு நினைச்சாங்க. அங்கே இல்லை. அதான்."

"நினைச்சது தப்புன்னா கோபம்தானே வரணும்? யாராவது எனக்குத் தப்பான பஸ்ஸைக் காட்டி ஏத்திவிட்டா எனக்குக் கோபம்தான் வரும். இவங்க சந்தோஷப்படுறாங்களே!"

"என் வகுப்புக்கு வாங்களேன்," என்றார் சவரிராஜ். பாலக்கரையில் ஒரு மின்சாமான் கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு நடத்துவதாகச் சொன்னார். கடையின் பெயரையும் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூங்கோதை வந்துவிட்டார்.

வகுப்பில் மூன்று பேர்தான் இருந்தார்கள். புதிதாக யார் வந்தாலும், ஏற்கெனவே இருப்பவர்கள் தங்களுக்கு இந்த ஆசை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அது அந்த வகுப்பின் வழக்கம்.

ஆட்டோ ஓட்டும் காஜா மைதீன் முதலில் சொன்னார். "ஒருத்தர் என் வண்டியில வந்தார்க்கா. இறங்கினதும் வெளியே நின்னு முன்கண்ணாடியில ஒரு காசை வச்சு ஒரு தட்டு. காசு உள்ளே என் மடியில விழுந்துச்சு. நான் கண்ணால பார்த்தேன். ஆள் போயிட்டான். நாலு நாள் அந்தக் கண்ணாடியைத் தடவிக்கிட்டே கிடந்தேன். ஒரு ஓட்டைகூட இல்லை."

ரெங்கராஜன் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். "எனக்கு அஞ்சு வயசு. எங்க சித்தப்பா என் மூக்கிலேருந்து காலணா எடுத்தார். பார்த்துண்டே இருந்தேன், என் மூக்கிலேருந்துதான் வந்தது. அவர் போய்ச் சேர்ந்துட்டார். கடைசி வரைக்கும் சொல்லலை. இப்பவும் நான் மூக்கைச் சிந்தும்போது ஒரு சந்தேகம் வரும்."

இந்துமதி ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. தயங்கித் தயங்கித்தான் பேசினார். "எனக்கு நாலு பேர் இருந்தாலே பேச்சு வராது. ஹாஸ்டல்ல என்னை மாதிரியே ஒரு பொண்ணு இருந்தா. ஒருநாள் அவ கையில ஒரு காசோட உட்கார்ந்திருந்தா. சுத்தி இருபது பேர். எல்லார்கிட்டயும் பேசிக்கிட்டிருந்தா. அதைப் பார்த்தேன். அன்னைக்கே நானும் ஒரு காசை எடுத்துக்கிட்டேன்."

பூங்கோதை மூன்றையும் கேட்டார். பிறகு சவரிராஜ் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"மூணு பேருமே 'பார்த்தேன்'னு சொல்றாங்க மாஸ்டர். நான் எதையும் பார்க்கலை. ஏமாறவும் இல்லை. மத்தவங்க 'ஆ'ன்ன சத்தத்தைக் கேட்டுட்டு வந்திருக்கேன். பார்க்காதவளுக்கு இந்த ஆசை வருமா?"

"தெரியலையே," என்றார் சவரிராஜ்.

ரெங்கராஜனுக்கு அது பிடிக்கவில்லை. மாஸ்டர் அப்படிச் சொல்லலாமா என்பதுபோல் இருமினார்.

"யோசிச்சுத்தான் சொல்லணும்," என்றார் சவரிராஜ். "அதுவரைக்கும் விரலுக்கு வேலை கொடுக்கலாம்."

பூங்கோதையின் விரல்கள் அபாரமானவை. காசை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டே கையை வெறுங்கைபோல் தொங்கவிடுவதற்குக் காஜாவுக்கு எட்டு மாதம் ஆயிற்று. பூங்கோதைக்கு மூன்று வாரம். நான்கு காசுகளையும் ஒரே கையில் ஒன்றோடொன்று உரசாமல் வைத்துக்கொள்வார். காதால் வேலை செய்கிறவருடைய கை ஆதலால் சத்தம் என்பதே எழாது. சவரிராஜே அவரிடம் அதைக் கற்றுக்கொண்டார்.

ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் சவரிராஜ் பூங்கோதையிடம் ஒரு காசை மறைத்துக் காட்டுவார்.

"எங்கே சொல்லுங்க?"

"உங்க சட்டைப் பையில."

அடுத்த வாரம், "மேசைக்கும் சுவருக்கும் நடுவுல." அதற்கடுத்த வாரம், "காஜா கையில கொடுத்துட்டீங்க. அவர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டிருக்கார்."

எல்லோரும் சிரிப்பார்கள். சவரிராஜும் சிரிப்பார். ஆனால் வீட்டுக்குப் போகும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருக்காது என்று காஜா பிறகு சொன்னார்.

மூன்று மாதம் இப்படிப் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் பூங்கோதை வங்கியில் வித்தை காட்டினார். ஊழியர்கள் கூடினார்கள். பணம் எடுக்க வந்தவர்களும் நின்றார்கள். காசு வலது கையிலிருந்து இடது கைக்குப் போயிற்று. இடது கை திறந்தது. காசு இல்லை. ஒரு பிசிறு இல்லாமல் செய்து முடித்தார்.

கைத்தட்டல் பலமாக வந்தது. பூங்கோதை வேறு ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை.

"கண்ணு தெரியாமலே எவ்வளவு அழகா பண்றாங்க பாருங்க!" என்றார் ஒருவர். ஒரு வயதான அம்மா வந்து அவர் தோளைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்த பிறகு, பக்கத்து மேசை சுசீலாவிடம் பூங்கோதை கேட்டார். "உண்மையைச் சொல்லு. எப்படி இருந்துச்சு?"

சுசீலா இருபது வருடத் தோழி. பொய் சொல்ல மாட்டார். "நல்லாத்தான் பண்ணினே. ஆனா ஒருத்தரும் காசைப் பார்க்கலைடி. உன்னைத்தான் பார்த்தாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை பூங்கோதை வகுப்புக்கு வந்தவுடன் உட்காரவில்லை. கைப்பையைத் திறந்து, சவரிராஜ் பழகுவதற்குக் கொடுத்திருந்த நான்கு காசுகளையும் மேசைமேல் வைத்தார்.

"நான் இத்தோட நின்னுக்கிறேன் மாஸ்டர்."

"ஏன்?"

வங்கியில் நடந்ததைச் சொன்னார். பிறகு சொன்னார்: "அவங்களைக் குத்தம் சொல்லலை. குறை என்கிட்டதான். எனக்கு விரல் வந்துடுச்சு. ஆசை வரலை. துணி மடிக்கிற மாதிரி இருக்கு மாஸ்டர். நல்லா மடிக்கிறேன். ஓரம் பிசகாம மடிக்கிறேன். ஆனா துணிதான் மடிக்கிறேன்."

இந்துமதி காசுகளைப் பூங்கோதையின் பக்கமே நகர்த்தி வைத்தார்.

சவரிராஜ் காசுகளை எடுத்துக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் பூங்கோதையின் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"சரி. போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை. இடது கையைக் கொடுங்க."

பூங்கோதை புன்னகைத்தார். "இன்னைக்கு எங்கே ஒளிக்கப் போறீங்க?"

"எங்கேயும் ஒளிக்கலை. உங்க கையிலேயேதான் வைக்கப் போறேன்."

"அப்ப ஃபேனை நிறுத்தச் சொல்லுங்க. எனக்குக் கேக்கணும்."

காஜா எழுந்து விசிறியை நிறுத்தினார். சன்னலையும் சாத்தினார். தெருச்சத்தம் அடங்கியது.

பூங்கோதை நின்றபடியே இடது கையை விரித்து நீட்டினார். சவரிராஜ் ஒரு காசை அவருடைய உள்ளங்கையின் நடுவில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினார். நன்றாக அழுத்தினார். அழுத்தியபடியே சற்று நேரம் இருந்தார்.

"என்ன இருக்கு?"

"காசு."

"எப்படி இருக்கு?"

"சில்லுன்னு. விளிம்பு குத்துது."

சவரிராஜ் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், ஆள்காட்டி விரல். கட்டைவிரலையும் மேலே மடக்கி மூடினார். பிறகு தன் இரண்டு கைகளையும் எடுத்துக்கொண்டு நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தார்.

"இப்ப எங்கே இருக்கு?"

"என் கையிலதான்."

"நிச்சயமா?"

"இதுல என்ன சந்தேகம்? குத்திக்கிட்டிருக்கே."

"கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

பூங்கோதை பிடியை இறுக்கினார். ஒரு கிண்டலான சிரிப்பு உதட்டில் இருந்தது.

"திறங்க."

பூங்கோதை விரல்களை விரித்தார். வலது கையைக் கொண்டுவந்து இடது உள்ளங்கையைத் தொட்டார்.

அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது தன் குரல்தான் என்று அவருக்கே முதலில் தெரியவில்லை.

உள்ளங்கையை மறுபடி தடவினார். விரலிடுக்குகளில் துழாவினார். மணிக்கட்டில், புடவை மடிப்பில், கைப்பையின் மேல் தடவினார். குனிந்து தரையையும் தடவினார். காசு விழுந்திருந்தால் அந்த அறையில் அவருக்குக் கேட்காமல் இருந்திருக்காது. அது அவருக்கே தெரியும். இருந்தும் தடவினார். ரெங்கராஜன் தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

பூங்கோதை நிமிர்ந்தார். இடது கையை மறுபடியும் மூடிக்கொண்டார்.

"இருந்துச்சு மாஸ்டர்."

"ம்."

"என் கையில இருந்துச்சு. இப்பவும் இருக்கு. இதோ, இந்த இடத்துல. விளிம்பு தெரியுது."

"திறந்து பாருங்க."

திறந்தார். தொட்டுப் பார்த்தார். "இல்லை," என்றார். மூடினார். "இருக்கு," என்றார். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காஜாவால் பொறுக்க முடியவில்லை. "அக்கா, நான் சொல்லிடவா? அது வந்து..."

"வாயைத் திறந்தீங்க, இனிமே உங்க ஆட்டோவுல ஏற மாட்டேன்!"

காஜா வாயைப் பொத்திக்கொண்டார்.

"மாஸ்டர், இதை எப்பக் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார் பூங்கோதை.

"நீங்க வந்த முதல் நாள் 'பார்க்காதவளுக்கு இந்த ஆசை வருமா'ன்னு கேட்டீங்களே, அன்னைக்கே ஆரம்பிச்சேன். தினமும் காலையில என் சம்சாரம் கண்ணை மூடிக்கிட்டுக் கையை நீட்டுவா. மூணு மாசமும் 'எடுத்துட்டீங்க, தெரியுது'ன்னுதான் சொன்னா. இந்த வியாழக்கிழமைதான் சொல்லலை."

பூங்கோதை மூடிய கையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். யாரும் விசிறியைப் போடவில்லை. எல்லோருக்கும் வியர்த்தது.

பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்.

"எப்படி மாஸ்டர்?"

சவரிராஜ் எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"உட்காருங்க மேடம். முதல் பாடத்தை ஆரம்பிக்கலாம்."