பின்வாசல் கதவு

முதியோர் இல்லங்களைச் சோதித்துப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் வேலையில் பூங்கொடி குரு, இருதயராஜ் சீடர். வயதில் சீடர்தான் பதினைந்து வருடம் மூத்தவர். பஞ்சாலையின் தீயணைப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று இந்த வேலைக்கு வந்தவர். அளவு நாடா இல்லாமல் சர்ச்சுக்குக்கூடப் போகமாட்டார்.

அன்று அவர்கள் போன இல்லத்தின் சான்றிதழ் மாலையோடு முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் அங்கிருக்கும் முப்பத்திரண்டு பேரையும் பிரித்து ஆளுக்கொரு ஊருக்கு அனுப்ப வேண்டும்.

இருதயராஜ் இரண்டு மணி நேரம் அளந்தார். பிறகு படிவத்தை நீட்டினார்.

“எல்லாம் சரி மேடம். பின்வாசல்தான் அவசர வழி. அகலம் நாலடி. பூட்டு கிடையாது, தள்ளினா திறக்குது. சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதையும் இருக்கு. கையெழுத்துப் போட்டுடலாமா?”

“மணியை அடிங்க அண்ணாச்சி,” என்றார் பூங்கொடி.

அபாய மணி அடித்தது. முப்பத்திரண்டு பேரும் கிளம்பினார்கள். கைத்தடியும் சக்கர நாற்காலியுமாக, பின்வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அடுப்பு எரியும் சமையலறையைத் தாண்டி, முன்வாசலில் போய் நெரிந்தார்கள். எல்லோரும் வெளியே வரப் பதினோரு நிமிடம் ஆனது. பார்த்துக்கொண்டிருந்த இருதயராஜுக்கு வியர்த்துவிட்டது.

“அவசர வழி பின்னாடி இருக்கு. ஒருத்தர்கூட அங்க வரலையே, ஏன்?” என்று கோபமாகக் கேட்டார்.

கோமதிநாயகம் என்ற ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் பதில் சொன்னார். “செத்தவங்களை அந்த வழியாத்தான் தூக்கிட்டுப் போறாவ. அதுல போன ஒருத்தராவது திரும்பி வந்திருக்காவளா சார்?”

பூங்கொடி மேலாளர் சந்திரபோஸைப் பார்த்தார்.

“இனிமே முன்வாசல் வழியா கொண்டு போங்க.”

“அது எப்படி மேடம்? அப்பா அம்மாவைச் சேர்க்க வர்றவங்க பார்த்தா பயந்துடுவாங்க.”

பூங்கொடி பேனாவை மூடினார்.

சீடருக்கு மனசு கேட்கவில்லை. குருவைத் தனியே அழைத்தார். “மேடம், கதவு சரியா இருக்கான்னுதானே படிவத்துல கேட்டிருக்கு? கதவு சரியாத்தானே இருக்கு? இவங்க எல்லாரும் எங்க போவாங்க?”

“தீப்பிடிச்சா வெளியே ஓட வேண்டியது கதவா அண்ணாச்சி?”

இருதயராஜ் விறுவிறுவென்று மேலாளரிடம் போனார்.

“யாரோ நாலு பேர் பயப்படுவாங்கன்னு, முப்பத்திரண்டு பேரை அடுப்பங்கரை வழியா ஓட விடுவீங்களா? இனிமே முன்வாசல் வழியாத்தான்னு எழுதிக் கொடுங்க சார். வாங்காம நான் நகர மாட்டேன்.”

ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தும்விட்டார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழவில்லை.

மூன்று மணிக்குச் சந்திரபோஸ் எழுதினார். கோமதிநாயகம் அதை வாங்கி எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“சாவும்போது முன்வாசல்னா, இப்பம் பின்வாசல்ல போறதுக்கு நமக்கு என்னய்யா?” என்றார்.

மணி மறுபடி அடித்தது. கோமதிநாயகம் முதல் ஆளாகப் பின்வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். “எறங்கு, எறங்கு! படியில நிக்காத!” என்று கத்தினார். அங்கே படியே கிடையாது. ஆனாலும் எல்லோரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். நாலே நிமிடம்.

பூங்கொடி கையெழுத்துப் போட்டுப் படிவத்தைச் சீடரிடம் கொடுத்தார். சீடர் சந்தோஷத்தில் தன் பேனாவை எடுத்தார்.

“மேடம், இறந்தவங்களை முன்வாசல் வழியா கொண்டு போறாங்கன்னு குறிப்புல எழுதிடவா?”

“நீங்க அதைப் பார்க்கலையே அண்ணாச்சி. இங்க யாராவது தவறிப்போனா தகவல் சொல்லச் சொல்லுங்க. வந்து முன்வாசல்ல நில்லுங்க. அப்புறம் எழுதுங்க.”