கூகைமலையில் ஜோதி பெருகிய கதை

கூகைமலை உச்சியில் ஒரு குகை. குகைக்குள் ஒரு வேல், வேலுக்கு முன்னால் ஒரு விளக்கு. அவ்வளவுதான் கோயில். ஏறிப் போக ஆயிரத்து நூற்று நாற்பது படி. முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் அடிவார மண்டபத்தில் நின்று அண்ணாந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

மண்டபத்தை ஒட்டி ஓர் ஆசிரமம். அதன் குரு மங்கையர்க்கரசிக்கு நாற்பத்தொரு வயது. துறவுக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். காவி கட்டிய பிறகும் கழுத்து விசிலை அவர் கழற்றவில்லை. ருத்திராட்சத்தோடு அதுவும் கிடந்தது. எல்லோரும் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

சீடர் சம்பந்தமூர்த்திக்கு ஐம்பத்தொன்பது. ஒரு கேமரா கம்பெனியில் இன்ஜினியராக இருந்தவர். கம்பெனியில் எல்லோரும் முட்டாள்கள் என்பதால் சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டு பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போனார். அந்த அடுக்குமாடியிலும் முட்டாள்களே குடியிருந்தார்கள். ஞானம் தேடிக் கூகைமலைக்கு வந்து சேர்ந்தார்.

வந்தவர் ஒரு நல்ல காரியம் செய்தார். குகையைச் சுற்றிலும் படமெடுத்து, தலையில் மாட்டிக்கொண்டு பார்க்கிற வி.ஆர். கருவியில் ஏற்றினார். மண்டபத்து நாற்காலியில் உட்கார்ந்து அதை மாட்டிக்கொண்டால் போதும், குகைக்குள்ளேயே நிற்கலாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை, நேரே பார்த்தால் விளக்கும் வேலும்.

முதல் ஆளாக மாட்டிக்கொண்டவர் டெய்லர் பொன்னுரங்கம்.

"ஜோதி!" என்று கத்தினார். "விளக்குல இருந்து கதிர் கதிரா வருதுங்க!"

சம்பந்தமூர்த்திக்கு அது என்னவென்று தெரியும். கருவியின் லென்ஸில் வட்ட வட்டமாக வரி வெட்டியிருக்கும். சுற்றிலும் கும்மிருட்டு, நடுவில் ஒரே ஒரு சுடர் என்றால் அந்த வரிகளில் பட்டு வெளிச்சம் சிதறும். ஒரு குறைதான், வேறொன்றுமில்லை. சொன்னார். யாரும் கேட்கவில்லை.

மறுநாள் கூட்டம் கூடியது. ஜோதியும் கூடியது. நாளுக்கு நாள் அது பின்னாலிருந்த வேலையும் மறைத்துக்கொண்டு பெரிதாகிக்கொண்டே போனதை எல்லோரும் பார்த்தார்கள். ஏனென்று சம்பந்தமூர்த்திதான் கண்டுபிடித்தார். வந்தவர்கள் மண்டபத்துத் தட்டிலிருந்து நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு கருவியை மாட்டினார்கள். மாட்டும்போதும் கழற்றும்போதும் விபூதி உதிர்ந்து லென்ஸில் படிந்தது. போதாததற்கு, உருகி அழுதவர்களின் கண்ணீர் வேறு அதைக் குழைத்துவிட்டிருந்தது.

அவர் லென்ஸைச் சுத்தமாகத் துடைத்து வைத்தார். அன்று காலை ஜோதி பாதியாகிவிட்டது.

"யாரோ கறி சாப்பிட்டுட்டு வந்து மாட்டியிருக்காங்க" என்றார் வரிசையில் ஒருவர்.

மத்தியானத்துக்குள் இருபது நெற்றிகள் வந்து போயின. ஜோதி பழையபடி ஆனது.

"சாமி மனசு எறங்கிட்டாரு பாருங்க" என்றார் அதே மனிதர்.

சம்பந்தமூர்த்தி விடவில்லை. மண்டபத்துக் கரும்பலகையில் லென்ஸை வரைந்தார். வட்டத்துக்குள் வட்டமாகப் பன்னிரண்டு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. அரை மணி நேரம் பாடம் எடுத்தார். மறுநாள் காலையில் வந்து பார்த்தபோது நடுப்புள்ளியில் குங்குமம் இருந்தது. பலகையின் மேல் இரண்டு முழம் மல்லிகை தொங்கியது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய சங்கதிதான், பொன்னுரங்கம் மட்டும் இல்லாவிட்டால்.

பொன்னுரங்கத்துக்கு வலக்கண்ணில் புரை. ஊசியில் நூல் கோக்க அடுத்த கடைக்காரரைத்தான் கூப்பிடுவார். இரண்டு முறை ஆபரேஷனுக்கு நாள் குறித்து இரண்டு முறையும் போகவில்லை. இனியும் தள்ளிப்போட்டால் அந்தக் கண்ணுக்குத் தான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை கண் ஆஸ்பத்திரி வேன் வரப்போகிறது. புதன்கிழமை அவர் வந்து சொன்னார்:

"நான் வேன்ல போகலீங்க. இப்பெல்லாம் வீட்டு பல்புலயே ஜோதி தெரியுது. பஸ் லைட்டுலகூடக் கதிரா வருது. சாமியே கண்ணுக்குள்ள வந்துட்டாரு. அதுல போயி யாராவது கத்தி வெப்பாங்களா?"

தான் கொண்டுவந்த கருவி ஒரு மனிதனின் கண்ணைப் பறித்துவிடும் போலிருந்தது சம்பந்தமூர்த்திக்கு. நேரே குருவிடம் போனார்.

"அம்மா, எப்படிச் சொன்னா இவங்களுக்குப் புரியும்?"

"நீங்க எப்படிச் சொன்னீங்க?"

"விளக்கமா. படம் போட்டு."

"பலகையில தொங்கின மல்லிகைப்பூவை நான்தான் கழட்டி எடுத்து வெச்சேன். வாடிடும்னு" என்றார் அம்மா. "நாளைக்குக் கருவியைத் துடைக்காதீங்க. அப்படியே இருக்கட்டும்."

வியாழன் காலையில் மழை மூட்டம். மண்டபம் அரையிருட்டாக இருந்தது. அம்மா பொன்னுரங்கத்தை நாற்காலியில் உட்காரவைத்துக் கருவியைத் தன் கையாலேயே மாட்டிவிட்டார். வரிசை சுற்றி நின்றது.

"ஜோதி தெரியுதாங்கண்ணா?"

"அம்சமா தெரியுதுங்கம்மா."

அம்மா விசிலை ஊதினார். நாற்காலியில் இருந்தவர் துள்ளினார்.

"இடப்பக்கம் தலையைத் திருப்பு!"

திருப்பினார்.

"விளக்கு எங்க இருக்கு?"

"இருந்த எடத்துலதானுங்க."

"ஜோதி?"

பொன்னுரங்கம் தலையை மெல்ல அசைத்துப் பார்த்தார். "பொகையாட்டம் ஒண்ணு எங்கூடவே வருதுங்க."

மறுபடி விசில். "வலப்பக்கம் திரும்பு!"

"இங்கயும் வருதுங்க. வெறும் பாறைமேல நிக்குதுங்க." அவர் குரல் இறங்கியது. "பாறைக்கு எதுக்குங்கம்மா ஜோதி?"

பொன்னுரங்கமே கருவியைக் கழற்றினார். லென்ஸை விரலால் தடவினார். விரல் நுனியில் ஒட்டியதை மோந்து பார்த்தார்.

"நம்ம துந்நூறுங்க, நெத்தியில பூசுன விபூதி" என்றார்.

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பொன்னுரங்கமும் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு நின்றது.

"அப்ப வீட்டு பல்புல வர்றது? அங்க நான் எதையும் மாட்டலீங்களே."

அம்மா போய் மண்டபத்து பல்பைப் போட்டார். "கதிர் வருதா?"

"வருதுங்க."

"வலக்கண்ணைப் பொத்திக்கிட்டுப் பாருங்க."

பொத்தினார். "இப்ப வெறும் பல்புங்க."

"இடக்கண்ணை."

கையை மாற்றினார். "கதிருங்க." மறுபடி மாற்றினார். மறுபடியும் மாற்றினார். "பல்பு ஒண்ணுதானுங்களே?"

"ஒண்ணுதான்."

பொன்னுரங்கம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பயமுங்கம்மா" என்றார். "ஜோதிமேல சத்தியமா, ஆபரேஷன்னா அவ்வளவு பயம். அதுக்குத்தானுங்க ஜோதியைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன்."

"எனக்கும் ஊசின்னா ஆகாது. வாங்க, நானும் வேன்ல வர்றேன். ரெண்டு பேரும் சேர்ந்து பயப்படலாம்."

இருவரும் வேனில் ஏறிப் போனார்கள். போவதற்கு முன் அம்மா ஒரு வேலை செய்தார். விபூதித் தட்டை நாற்காலிக்கு முன்னாலிருந்து எடுத்து, பார்த்துவிட்டு எழுந்து வருகிற வழியில் வைத்தார்.

இருபது நாள் கழித்துப் பொன்னுரங்கம் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். சட்டைப் பையில் ஊசியும் நூலும் இருந்தன. எல்லோர் முன்னாலும் தானே நூலைக் கோத்துக் காட்டினார். மண்டபமே கைதட்டியது. பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கருவியை மாட்டிக்கொண்டார். லென்ஸ் துடைத்திருந்தது, வெளிச்சத்தையும் சம்பந்தமூர்த்தி குறைத்து வைத்திருந்தார்.

"கதிரு லேசாத்தான் இருக்குதுங்க" என்றார் பொன்னுரங்கம். சட்டென்று நிமிர்ந்தார். "அட, விளக்குக்குப் பின்னால வேல் இருக்குதுங்களே! இத்தனை நாளா யாருமே சொல்லலையே!"

வரிசை முட்டி மோதிக்கொண்டு அவர் பின்னால் நின்றது. எல்லோருக்கும் வேல் தரிசனம் வேண்டியிருந்தது.

சம்பந்தமூர்த்தி குருவிடம் வந்தார். அவருக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் ஆறவில்லை.

"அம்மா, வேல் இருக்குன்னு முதல் நாளே சொன்னேன். ஒருத்தர் கேட்கலை. லென்ஸ்னு சொன்னேன், குங்குமம் வெச்சாங்க. கம்பெனியில இருந்தேன், அங்கேயும் இப்படித்தான் முட்டாள்கள். மகன் வீட்டுக்குப் போனேன், அங்கேயும் முட்டாள்கள். மலையடிவாரமாவது வேற மாதிரி இருக்கும்னு வந்தேன்."

"இங்கேயுமா?" என்று கேட்டார் அம்மா. கவலையாகத்தான் கேட்டார்.

"இங்கேயும்தான்மா."

"இடப்பக்கம் திரும்பினா?"

"அங்கேயும்."

"வலப்பக்கம்?"

"எந்தப் பக்கம் திரும்பினாலும்மா."

அம்மா லென்ஸ் துடைக்கிற துணியை எடுத்து உதறி, நான்காக மடித்து அவர் கையில் வைத்தார்.

சம்பந்தமூர்த்தி துணியைப் பார்த்தார். "கருவியை இப்பத்தானேம்மா துடைச்சேன்?"

"கருவியைத்தான் துடைச்சீங்க" என்றார் அம்மா.