காகத்தின் காந்தமும் முற்றின இலையும்

ஊர்க்கோடியில் இரும்பு உருக்கும் பட்டறையை ஒட்டி ஒரு புங்கமரம் நின்றது. உச்சியில் சடையன் என்ற காகம் கம்பித் துண்டுகளால் கூடு கட்டியிருந்தது. கீழே பொந்தில் பூவாத்தாள் என்ற அணில்.

பூவாத்தாள் மறுபடி சினையாக இருந்தது. போன ஈற்றில் அந்தப் பொந்தில் போட்ட குட்டிகள் இளைத்து இளைத்தே செத்துப்போயின. இங்கேயே இருப்பதா, குளக்கரைப் புங்கமரத்துக்குப் போவதா என்று அது தவித்தது.

“போகாதே அம்மிணி. குட்டி செத்தது கண்ணேறு” என்றது காகம். அணில் போய்விட்டால், பூனை வரும்போது தனக்குக் கத்திச் சொல்ல ஆள் ஏது?

உடைந்த ஸ்பீக்கரில் கிடைத்த காந்தம் ஒன்று காகத்தின் கூட்டில் கம்பிகளைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“ஏனுங்ணா, உங்க காந்தத்துக்குத் தாடி முளைச்சிருக்கு?” என்று கேட்டது அணில்.

“பட்டறைப் புகையில வர்ற இரும்புத் தூளு.”

“கூட்டுக்கு வர்ற தூளு இலைக்கு வராதுங்களா? தேய்ச்சுப் பாக்கலாமா?”

காகம் யோசித்தது. காந்தத்தைத் துடைத்தது. நுனிக்கிளையில் ஒரு கொழுந்தைக் கிள்ளி வந்து தேய்த்தது. ஒன்றும் ஒட்டவில்லை.

“பாத்தியா! மரம் பாலாட்டம் சுத்தம்.”

அணில் அந்த இலையை மோந்து பார்த்தது. “இது முந்தாநாள் பொறந்த குழந்தைங்ணா. இதுக்கு என்ன தெரியும், பாவம்?”

அடிக்கிளைக்கு ஓடி, முற்றிக் கறுத்த இலை ஒன்றைக் கடித்து வந்தது. தேய்த்ததும் காந்தத்தில் கறுகறுவென்று மீசை எழும்பியது.

“முத்தின இலைன்னா எங்கேயும் இப்படித்தான்” என்றது காகம்.

“அதையும் பாத்துருவோம்.”

அணில் குளக்கரைக்கு ஓடியது. அங்கிருந்தும் ஒரு முற்றின இலை கொண்டு வந்தது. காந்தத்தைத் துடைத்துவிட்டுத் தேய்த்தார்கள். பொட்டுப் பொட்டாய் ஏதோ ஒட்டியது, அவ்வளவுதான்.

“இலையில படிஞ்சது என் குட்டிங்க நெஞ்சுல மட்டும் படியாதுங்களா?” என்றது பூவாத்தாள்.

அணில் பொந்திலிருந்த நார்களையெல்லாம் வாயில் கவ்விக்கொண்டு குளக்கரைக்குப் போய்விட்டது. சடையன் கூட்டுக்குள் கிடந்த தன் முட்டைகளையே பார்த்தபடி நின்றது.

ஓர் இடத்தின் குணத்தை நேற்று வந்தவரிடம் கேட்காதே. வெகுநாள் அங்கே நின்றவரிடம் கேள்.